நுரையீரலில் தழும்பு விழுந்தால் குடலுக்கு என்ன ஆகும்? – படிவம் 4 உயிரியல் துணைக்குறிப்பு



படிவம் 4 உயிரியலில் சுவாசம் 8-ஆம் அத்தியாயம், செரிமானம் 9-ஆம் அத்தியாயம். இரண்டையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக மனப்பாடம் செய்து, தனித்தனியாகவே மறந்தும் விடுகிறோம். ஆனால் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. "நுரையீரல் நோய் நீண்ட நாள் இருக்கிற ஒருவர் நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிறார், ஏன்?" என்று கேட்டால், பாதிப் பேர் "அவருக்குப் பசி இல்லை" என்று ஒரே வரியில் முடிச்சிடுறாங்க. மார்க் அங்கேயே போயிடும்.

இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்கானது. நுரையீரலில் நாள்பட்ட தழும்பு விழுந்தால், எட்டி இருக்கிற சிறுகுடலின் அமைப்பு எப்படி மாறுகிறது? எது உறுதியாகத் தெரிந்தது, எது இன்னும் ஆய்வில் இருக்கிறது? கடைசியில் பயிற்சிக் கேள்வியும் விடைக் கூறுகளும், வகுப்பில் செய்யக்கூடிய ஒரு சிறு சோதனையும் இருக்கின்றன.

1. இரண்டு உறுப்பு, ஒரே வடிவமைப்பு

முதலில் அடிப்படை. காற்று நுண்ணறைக்கும் குடலுறிஞ்சிக்கும் (பாடநூலில் வரும் அல்வியோலஸ், வில்லஸ்) வேலை வேறு. ஒன்று ஆக்சிஜனை எடுக்கிறது, மற்றது உணவை எடுக்கிறது. ஆனால் அமைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

அ) பரப்பளவு பெரியது. நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. எல்லாவற்றையும் விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். இரட்டையர் ஆடும் பூப்பந்துத் திடலைவிடக் கொஞ்சம் குறைவு. சிறுகுடலைப் பற்றிப் பழைய நூல்கள் டென்னிஸ் திடல் அளவு என்று சொல்லும். 2014-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மறுபடி அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 30 சதுர மீட்டர்தான் வந்தது. அதாவது அரைப் பூப்பந்துத் திடலுக்கும் சற்றுக் குறைவு. அதுவே பெரிய பரப்புதான்!

ஆ) சுவர் மெல்லியது. இரண்டிலும் ஒற்றைச் செல் அடுக்குதான். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையில் இருக்கும் தடிமன் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு.

இ) இரத்த நுண்குழாய்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும்.

ஈ) மேற்பரப்பு ஈரமானது.

இது தற்செயல் அல்ல. கருவின் நான்காம் வாரத்தில், முன்குடல் என்ற குழாயிலிருந்து சின்ன மொட்டாகக் கிளம்புவதுதான் நுரையீரல். குடலும் நுரையீரலும் ஒரே குழாயில் பிறந்த அண்ணன் தம்பி. அதனால்தான் இரண்டின் உட்சுவரும் சளி சுரக்கிறது, இரண்டிலும் ஒரே வகையான நோய் எதிர்ப்புச் செல்கள் காவல் இருக்கின்றன.

2. தழும்பு என்றால் என்ன?

முட்டியில் காயம் பட்டு ஆறினால் அந்த இடத்துத் தோல் தடித்து, கெட்டியாகி, இழுத்துப் பிடித்தது போல இருக்கும். நுரையீரலுக்குள் அதே வேலை நடப்பதுதான் பைப்ரோசிஸ். காயம் பட்ட இடத்துக்கு நார்ச்செல்கள் வருகின்றன, கொலாஜன் என்ற புரதத்தை அடுக்குகின்றன. ஒருமுறை காயம் என்றால் அது நல்ல வேலை. மறுபடி மறுபடி காயம் பட்டால் அடுக்குவது நிற்காது. மெல்லிய சுவர் தடித்துவிடும். பஞ்சு போல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், பசை ஊற்றிக் காய்ந்த பஞ்சு போல ஆகிவிடும்.

இதற்குக் காரணங்கள் பல. காசநோய், சிலிக்கா தூசு, ஆஸ்பெஸ்டாஸ் நார், சில மருந்துகள், உடலே தன்னைத் தாக்கும் நோய்கள், காரணம் தெரியாத வகை. நம்ம கிள்ளான் பள்ளத்தாக்கில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய்தான். மலேசியாவில் ஆண்டுக்கு 25,000-க்கும் மேற்பட்ட காசநோய்ச் சம்பவங்கள் பதிவாகின்றன. சபாவுக்கு அடுத்தபடியாக எண்ணிக்கை கூடுதலாக இருப்பது சிலாங்கூரில். மருந்து சாப்பிட்டுக் கிருமி செத்த பிறகும், பலருக்கு நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பு தங்கிவிடும்.

குறிப்பு: பரவும் விகிதியில் (டிஃபியூஷன்) மூன்று விஷயம் முக்கியம் என்று 3-ஆம் அத்தியாயத்தில் படித்தீர்கள் அல்லவா? பரப்பளவு, செறிவு வேறுபாடு, கடக்க வேண்டிய தூரம். தழும்பு இதில் இரண்டைக் கெடுக்கிறது. பரப்பளவைக் குறைக்கிறது, தூரத்தைக் கூட்டுகிறது. விடையில் இந்த இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

3. முதல் வழி: ஆக்சிஜன் பற்றாக்குறை

இப்ப குடலுக்கு வருவோம். ஓய்வாக இருக்கும்போது இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குடலுக்கும் அதைச் சார்ந்த உறுப்புகளுக்கும் போகிறது. சாப்பிட்ட பிறகு இன்னும் கூடும். ஏன் இவ்வளவு? ஏனென்றால் உணவை உறிஞ்சுவது இலவச வேலை கிடையாது. குளுக்கோசையும் அமினோ அமிலத்தையும் செல்லுக்குள் இழுக்க உயிர்ப்புக் கடத்தல் வேண்டும். உயிர்ப்புக் கடத்தலுக்கு ஏ.டி.பி. வேண்டும். போதுமான ஏ.டி.பி.க்கு ஆக்சிஜன் வேண்டும். அதோடு, குடலுறிஞ்சியின் மேல்செல்கள் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்கள் மிகக் குறைவு. அதற்கும் சக்தி வேண்டும்.

இங்கே ஒரு நுட்பமான அமைப்பு இருக்கிறது. குடலுறிஞ்சியின் நடுவில் தமனி நுனியை நோக்கி ஏறுகிறது. அதை ஒட்டியே சிரை கீழே இறங்குகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில், மிக நெருக்கமாக. அதனால் ஏறுகிற இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதி நுனிக்குப் போகாமலேயே, பக்கத்துச் சிரைக்குக் குறுக்கே தாவிவிடுகிறது. ஆகவே நல்ல ஆரோக்கியமான மனிதனுக்கே குடலுறிஞ்சியின் நுனியில் ஆக்சிஜன் குறைவுதான்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் அழுத்தம் குறைந்தால் முதலில் வறண்டு போவது மேல்மாடிக் குழாய். கீழ்மாடியில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். அதே மாதிரி, தழும்பு விழுந்த நுரையீரலால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது குடலுறிஞ்சியின் நுனி. பற்றாக்குறை கடுமையாகி நீடித்தால் நுனிச் செல்கள் சிதைந்து உதிரும், குடலுறிஞ்சி குட்டையாகி மழுங்கும், செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமான இணைப்புகள் தளரும்.

கடைசியில் சொன்னது முக்கியம். அந்த இணைப்புகள்தான் குடலுக்குள் இருக்கும் பாக்டீரியாவின் நச்சுப் பொருட்கள் இரத்தத்துக்குள் நுழையாமல் காக்கும் வேலி. வேலி தளர்ந்தால் நச்சு கசியும், உடம்பு முழுக்க அழற்சி கூடும், அந்த அழற்சி தசையைக் கரைக்கும், பசியைக் குறைக்கும், குடல் வேலியை மேலும் தளர்த்தும். சுற்றிச் சுற்றி வரும் வட்டம்.

இது வெறும் ஊகமா? இல்லை. சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயாளிகளை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. அவர்களது குடல், ஆரோக்கியமானவர்களின் குடலைவிடக் கூடுதலாகக் கசிந்தது. அது மட்டுமல்ல, அன்றாட வீட்டு வேலை அளவுக்கு உடம்பை அசைத்த பிறகு, குடல் செல் சேதத்தைக் காட்டும் ஒரு புரதம் அவர்கள் இரத்தத்தில் உயர்ந்தது. நமக்குச் சாதாரண வேலை, அவர்கள் குடலுக்கு அது ஒரு பாரம்.

கவனம்: சி.ஓ.பி.டி.யும் பைப்ரோசிஸும் ஒன்றல்ல. முதலாவதில் காற்றுப்பாதை அடைபட்டு நுண்ணறைச் சுவர்கள் சிதைகின்றன. இரண்டாவதில் சுவர் தடிக்கிறது. இரண்டுக்கும் பொது, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது. விடை எழுதும்போது இந்த இரண்டையும் குழப்பிடாதீங்க.

4. இரண்டாவது வழி: இதயம்

மாணவர்கள் அதிகமாக விட்டுவிடுவது இந்த வழியைத்தான். தழும்பு விழுந்த நுரையீரலில் இரத்த நுண்குழாய்களும் நசுங்கும். அதன் வழியே இரத்தத்தைத் தள்ள வலது கீழறை கூடுதல் பலம் போட வேண்டும். பல ஆண்டுகள் இப்படிப் போனால் வலது கீழறை தடித்து, பிறகு களைத்துவிடும். அது தள்ள முடியாத இரத்தம் பின்னால் தேங்கும். கால் வீங்கும், கல்லீரல் வீங்கும், குடலிலிருந்து திரும்ப வேண்டிய சிரை இரத்தமும் நெரிசலில் மாட்டிக்கொள்ளும்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு லோரி நின்றுவிட்டால் பின்னால் கிள்ளான் வரைக்கும் நெரிசல் வருவது போலத்தான். விளைவு: குடல் சுவரில் நீர் கோத்துத் தடிக்கும், உறிஞ்சிய சத்து இரத்தத்தோடு கிளம்புவது தாமதமாகும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். "அப்பா ரெண்டு வாய்க்கு மேல சாப்பிட மாட்டேங்கிறார்" என்று வீட்டில் சொல்வார்களே, அதற்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கலாம்.

10-ஆம் அத்தியாயத்தில் படித்த இரட்டைச் சுற்றோட்டத்தை இங்கே இணைத்து எழுதினால் விடை தனியாகத் தெரியும்.

5. மூன்றாவது வழி: விழுங்கிய சளி

நுரையீரலுக்கும் குடலுக்கும் நேரடிப் பாதை ஒன்று இருக்கிறது. தினமும் நாம் அதைப் பயன்படுத்துகிறோம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள சிலியாக்கள், தூசு ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தொண்டைக்கு வந்த சளியை நாம் அறியாமல் விழுங்கிவிடுகிறோம். 2005 ஆகஸ்டு 11-இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்துக்காக அவசர நிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். அந்த நாட்களில் நுரையீரல் பிடித்து வெளியேற்றிய தூசில் ஒரு பகுதி வயிற்றுக்குத்தான் போயிருக்கும்.

சளியில் காசநோய்க் கிருமி இருந்தால்? பெரும்பாலான கிருமிகளை இரைப்பை அமிலம் கொன்றுவிடும். காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு இருப்பதால் அது அமிலத்தைத் தாங்கிவிடுகிறது. பிறகு இலியமும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குடியேறுகிறது. ஏன் அந்த இடம்? இரண்டு காரணம். உணவு அங்கே அதிக நேரம் தங்குகிறது. மேலும் நிணநீர்த் திசுக்களான பேயர் திட்டுகள் இலியத்தின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். கிருமி அவற்றின் வழியாக உள்ளே நுழைகிறது.

பிறகு குடலின் அமைப்பு மாறும் விதத்தைக் கவனியுங்கள்:

– முதலில் சிறு அழற்சிக் கட்டிகள்.
– அவை உடைந்து புண். குடலைச் சுற்றி ஓடும் நிணநீர்க் குழாய்களைப் பின்பற்றுவதால் புண் குறுக்காக, வளையம் போல இருக்கும். (டைபாய்டு புண் அப்படி இல்லை. அது பேயர் திட்டு மீதே வருவதால் குடலின் நீளவாக்கில் இருக்கும். மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் மறுபடி சந்திப்பீர்கள்.)
– புண் ஆறும்போது தழும்பு. வளையமான புண் ஆறினால் வளையமான தழும்பு. தழும்பு சுருங்கும். குடல் அந்த இடத்தில் கயிறு கட்டியது போல இறுகும்.
– இறுகிய இடத்துக்கு முன்னால் உணவு தேங்கும். வலி, வீக்கம், வாந்தி. சில சமயம் முழு அடைப்பு.

அதாவது நுரையீரலில் நடந்த தழும்புக் கதையே குடலிலும் நடக்கிறது. காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில், நுரையீரல் காசநோயால் இறந்தவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களின் குடலிலும் நோய் இருந்தது. கிருமி இரத்தம் வழியாகவும் குடலுக்கு வரலாம். காய்ச்சாத பால் வழியாகவும் வரலாம். அதனால் குடல் காசநோய் வந்தவர்களில் பலருக்கு நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கும். "எக்ஸ்ரே நல்லா இருக்கு, அப்புறம் எப்படி டிபி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

6. நான்காவது வழி: ஒரே காரணம், இரண்டு உறுப்பு

சில நேரம் நுரையீரல் குடலைக் கெடுப்பதில்லை. இரண்டையும் மூன்றாவது ஒன்று கெடுக்கிறது. இதைப் பிரித்துப் பார்ப்பது அறிவியல் சிந்தனையின் முக்கியப் பாடம்.

எடுத்துக்காட்டு ஒன்று: சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாக வேலை செய்து, தோல், நுரையீரல், குடல் என்று பல இடத்திலும் கொலாஜனை அடுக்கும். குடல் சுவரின் மென்தசை நலிந்து அங்கே நார்த்திசு வரும். குடல் அசைவு குறையும். உணவு தேங்கும் இடத்தில் பாக்டீரியா பெருகி, நமக்குப் போக வேண்டிய சத்தை அது தின்னும்.

எடுத்துக்காட்டு இரண்டு: மருந்து. காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோய்க்கு நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் என்ற இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. தழும்பு கூடும் வேகத்தை இவை குறைக்கின்றன. ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிப்பதில்லை. நின்டெடானிப் எடுப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. பிர்ஃபெனிடோன் குமட்டலைத் தரும். ஆக, நோயாளிக்கு வயிறு சரியில்லை என்றால் உடனே நோய்தான் குடலைத் தாக்கியது என்று முடிவு கட்டிவிட முடியாது.

எடுத்துக்காட்டு மூன்று: நுண்ணுயிர்கள். பிளியோமைசின் என்ற மருந்தைக் கொடுத்து எலிகளின் நுரையீரலில் தழும்பை உண்டாக்கி ஆராய்வது வழக்கம். அப்படிப்பட்ட எலிகளின் குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டமும் மாறியிருப்பது காணப்பட்டது. எது முதலில், எது பிறகு என்பதைத்தான் ஆய்வாளர்கள் இப்போது பிரித்தறியப் பார்க்கிறார்கள். எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே எழுதிவிடாதீர்கள். "விலங்கு ஆய்வில்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் போதும்.

7. நம்மவர் கதைகள் மூன்று

தமிழாசிரியர்கள் இந்தப் பாடத்தை வகுப்பில் இணைக்க மூன்று வரலாற்றுச் செய்திகள் உதவும்.

முதலாவது, கணித மேதை இராமானுஜன். 1914-இல் இங்கிலாந்து போனவர் 1917-இல் நோயில் விழுந்தார். காசநோய் என்று கருதி அதற்கான விடுதிகளில் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 1919-இல் நாடு திரும்பி, 1920-இல் 32 வயதில் மறைந்தார். 1994-இல் டாக்டர் டி. ஏ. பி. யங் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து, அது குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். காய்ச்சல், மெலிவு என்ற இரண்டு அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு நோய் எந்த உறுப்பில் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது, புதுமைப்பித்தன். தமிழ்ச் சிறுகதையை நிமிர்த்திய அவர் 1948-இல் காசநோயால் இறந்தபோது வயது நாற்பத்திரண்டுதான். காசநோய்க்கு எதிரான முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். மருந்து உலகில் இருந்தது. எல்லாருக்கும் வந்து சேரவில்லை.

மூன்றாவதுதான் நமக்கு மிகவும் பயன்படும். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அப்போது உலகம் நம்பியது: காசநோய் குணமாக நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, விடுதி வாழ்க்கை வேண்டும். சென்னையில் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு விடுதியில், நல்ல உணவோடு. மறு குழு தங்கள் நெருக்கடியான வீட்டில், குறைவான உணவோடு, வேலையும் பார்த்துக்கொண்டு. இரண்டு குழுவுக்கும் மருந்து ஒன்றுதான். 1959-இல் வெளியான முடிவு: இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமடைந்தன. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய் விடுதிகள் மூடப்படவும், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறை பரவவும் இந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணம்.

அப்படியானால் உணவு முக்கியமில்லையா? முக்கியம்தான், வேறு விதத்தில். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொட்டலம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. கிருமியைக் கொல்ல மருந்து. கிருமி காலூன்றாமல் தடுக்க உணவு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

8. வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

இது தேர்வுக்கு மட்டுமான பாடம் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியிலோ கிள்ளான் தாமானிலோ, முன்பு காசநோய் வந்து குணமான பெரியவர் ஒருவர் இருக்கும் குடும்பங்கள் பல. அவர் மெலிந்தால் "வயசாயிடுச்சு", "இனிப்பு நீர்தான் காரணம்" என்று விட்டுவிடுகிறோம்.

– இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சுகாதார கிளினிக்கில் சளிப் பரிசோதனை கேளுங்கள்.
– மாலைக் காய்ச்சல், எடை குறைவு, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி மூன்றும் சேர்ந்தால், முன்பு காசநோய் இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வயிற்று வலிக்குப் போகும்போது நெஞ்சு நோயைச் சொல்ல யாருக்கும் தோன்றாது. சொல்ல வேண்டும்.
– நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டைவிட, ஐந்தாறு வேளை சிறிது சிறிதாகக் கொடுப்பது எளிது. வயிறு நிரம்பினால் உதரவிதானம் அசையச் சிரமப்படும், மூச்சு வாங்கும். என்ன உணவு, எவ்வளவு என்பதை மருத்துவரிடமோ உணவியல் ஆலோசகரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.
– காசநோய் மருந்தின் வழக்கமான காலம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று பசி திரும்பிவிடும். "அதான் சரியாயிடுச்சே" என்று நிறுத்துவது அப்போதுதான். மிச்சமிருக்கும் கிருமிதான் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும்.

மலேசியாவில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல் தொடங்கியது. கோலாலம்பூர் ஜாலான் பகாங்கில் இருந்த தேசியக் காசநோய் மையம்தான் இன்று சுவாச மருத்துவக் கழகம். பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியும் இந்த முயற்சியின் பகுதிதான். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்கள் இதை இரண்டு நிமிடம் சொன்னாலும் பயன் உண்டு.

9. வகுப்பறைச் செயற்பாடு

செலவு குறைவு, முப்பது நிமிடம் போதும்.

தேவையானவை: பாத்திரம் கழுவும் பஞ்சு இரண்டு, வெள்ளைப் பசை, ஒரே அளவில் வெட்டிய தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று, அதே அளவு மெல்லிய பருத்தித் துணி ஒன்று, அளவு உருளை.

முதல் பகுதி: ஒரு பஞ்சில் பசையைத் தடவி இரண்டு நாள் முன்பே காய வைத்துவிடுங்கள். மாணவர்கள் இரண்டு பஞ்சையும் அழுத்திப் பார்க்கட்டும். எது விரிந்து சுருங்குகிறது? பிறகு இரண்டையும் தண்ணீரில் முக்கிப் பிழிந்து அளக்கட்டும். இது நுரையீரல்.

இரண்டாம் பகுதி: தேங்காய்ப்பூத் துண்டையும் மெல்லிய துணியையும் தண்ணீரில் முக்கி, பிழிந்து வரும் நீரை அளக்கச் சொல்லுங்கள். தேங்காய்ப்பூத் துண்டின் நூல் வளையங்கள்தான் குடலுறிஞ்சிகள். வளையம் தேய்ந்தால் அது சாதாரணத் துணி. இது குடல்.

கேள்வி: "இந்த மாதிரியில் காட்ட முடியாதது எது?" உயிர்ப்புக் கடத்தல், இரத்த ஓட்டம், செல் புதுப்பித்தல் என்று மாணவர்களே சொல்ல வேண்டும். மாதிரியின் வரம்பைச் சொல்லத் தெரிந்த மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

10. பயிற்சிக் கேள்வியும் விடைக் கூறுகளும்

கேள்வி: திரு. எக்ஸ் என்பவருக்குப் பல ஆண்டுகளாக நுரையீரலில் தழும்பு உள்ளது. போதுமான உணவு உண்டும் அவர் எடை குறைகிறது. அவரது சிறுகுடலில் உணவு உறிஞ்சப்படுவது ஏன் குறைகிறது என்பதை விளக்குக.

விடைக் கூறுகள்:

1. தழும்பால் காற்று நுண்ணறைச் சுவர் தடிக்கிறது. வாயுப் பரிமாற்றப் பரப்பளவு குறைகிறது.
2. ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் கூடுவதால் பரவும் வீதம் குறைகிறது.
3. சிவப்பணுக்களில் ஆக்சிஹீமோகுளோபின் குறைவாக உருவாகிறது.
4. குடலுறிஞ்சியின் எபிதீலியச் செல்களுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது.
5. காற்றுச் சுவாசம் குறைவதால் ஏ.டி.பி. உற்பத்தி குறைகிறது.
6. குளுக்கோஸ், அமினோ அமிலம் ஆகியவற்றின் உயிர்ப்புக் கடத்தல் குறைகிறது.
7. செல் புதுப்பித்தலும் பாதிக்கப்படுவதால் குடலுறிஞ்சி குட்டையாகி மழுங்கலாம். உறிஞ்சும் பரப்பளவு குறைகிறது.
8. திசுக்களுக்குச் சத்து போதாமல், சேமித்த கொழுப்பும் தசைப் புரதமும் பயன்படுத்தப்படுகின்றன, எடை குறைகிறது.

இந்த எட்டும் ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் அடுத்த கண்ணி தொங்கும். மாணவர்கள் பொதுவாக 2-லிருந்து நேராக 8-க்குத் தாவிடுறாங்க. "ஆக்சிஜன் குறைவு, அதனால் மெலிவு" என்று. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் "அதனால?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு அடுத்த வரியை எழுதும் பழக்கத்தை வகுப்பில் கொண்டுவாருங்கள். தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் சங்கிலியைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று காதுக்கே தெரிந்துவிடும்.

கூடுதல் பயிற்சி:

அ) பிரக்டோஸ் வசதிப்படுத்தப்பட்ட பரவல் வழியாக உறிஞ்சப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் குளுக்கோஸ் உறிஞ்சல் போலவே அதுவும் உடனடியாகக் குறையுமா? காரணம் கூறுக.

ஆ) காசநோய்க் கிருமி இரைப்பையைக் கடந்து இலியத்தில் தங்குவதற்கான காரணங்களை விளக்குக.

இ) வலது கீழறை செயலிழப்பு குடலின் உறிஞ்சும் திறனை எப்படிப் பாதிக்கும்? இரட்டைச் சுற்றோட்டத்தின் படம் வரைந்து விளக்குக.

ஈ) "நுரையீரல் நோயாளிக்குக் குடல் கோளாறு இருந்தால், நுரையீரல் நோய்தான் அதற்குக் காரணம்." இக்கூற்றை ஏற்கிறீரா? இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் வாதிடுக.

ஈ-க்கு விடை எழுதிய பிறகு 6-ஆம் பகுதியை மறுபடி படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதப் போகும் எல்லா மாணவர்களுக்கும் வாழ்த்துகள்.